நான்கு மூலையிலும் மஞ்சள்

அன்புள்ள தம்பிக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு என்னை மன்னித்துக்கொள். பகலில் மூன்று தாள் எழுதி மூன்றையும் கிழித்தாயிற்று. நாளைக் காலை முதல் தபாலில் இதைப் போட்டால்தான் கிள்ளானில் உன் கைக்கு நேரத்தோடு கிடைக்கும். சனிக்கிழமை நீ உன் கதையைப் பத்திரிகைக்காரரிடம் கொடுப்பதற்குள் உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் விளக்கின்மேல் பழியைப் போடு. கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழியும் நான்கு மூலையிலும் மஞ்சளும் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு என்ன திடீர் பக்தி என்று உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளிடம் காட்டிச் சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். முழுக்கப் படித்தபின்னும் சிரிப்பு வருகிறதா என்று பிறகு பார்.

ஞாயிற்றுக்கிழமை நீ கோபத்தோடு போனாய். கதையை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். பதினாலு பக்கத்தை ஆறு பக்கமாக்கிவிட்டேன் என்று சொல்லும்போது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்க்காமல் இல்லை. நான் ஆறு பக்கத்தையும் படித்தேன். படித்து முடித்து, தாளை மடித்து, இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டேன். உலகத்தில் எந்தத் தாயும் எந்தக் கதைக்கும் இதைவிட மோசமான பதில் சொல்லியிருக்கமாட்டாள். "நல்லாயில்லைன்னா நல்லாயில்லைன்னு சொல்லுங்கம்மா. உங்க நோட்டுல இருக்கிறபடிதானே எழுதினேன்" என்றாய். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு நாலு மணி ரயிலுக்குப் புறப்பட்டுவிட்டாய். கட்டி வைத்த முறுக்கையும் எடுத்துப் போகவில்லை. அதை உன் அப்பா இரண்டே நாளில் தீர்த்துவிட்டார், துக்கத்தில்தான் தின்றேன் என்கிறார்.

கதை நன்றாயில்லை என்பதால் நான் பேசாமல் இருக்கவில்லை தம்பி. அந்தக் கதையில் நான் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. அதனால்தான் பேச்சு வரவில்லை.

நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ கிள்ளானுக்கு வேலைக்குப் போனபோது உன் பெட்டியில் வைத்துக் கொடுத்தேனே, அந்தப் பழுப்பு அட்டை நோட்டு. மதராஸில் இரண்டு வருஷம் கல்லூரியில் படித்துவிட்டு, பதினெட்டு வயதில் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு இந்தப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தவள் நான். படித்த படிப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுதவேண்டும் என்று ஆசை இருந்தது. சொல்லித்தர ஆள் இல்லை. ரயிலில் வெள்ளைக்காரர்கள் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுப்போகும் இங்கிலீஷ் பத்திரிகைகளை உன் அப்பா சுருட்டிக்கொண்டு வருவார். எழுதிப் பேர் வாங்கியவர்கள் புதிதாக எழுதுகிறவர்களுக்கு யோசனை சொல்லும் பகுதி ஒன்று அவற்றில் எப்படியும் இருக்கும். அதையெல்லாம் தமிழில் எழுதி வைத்ததுதான் அந்த நோட்டு. ஒரு பெரிய எழுத்தாளர் எட்டு யோசனை சொல்கிறேன் என்று தொடங்கியிருந்தார். எட்டாவது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் யாரோ ரொட்டியை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சும்மா எழுதி வைக்கவில்லை, செய்தும் பார்த்தேன். ஒரே மரத்தைப் பற்றித் தினம் பத்து வரி எழுது, அழகு என்ற சொல் வரக்கூடாது என்று ஒருவர் சொல்லியிருந்தார். வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை இரண்டு மாசம் எழுதினேன். அந்த மரத்தை இவளுக்குத் தெரியும், என்னைத்தான் தெரியாது என்று உன் அப்பா பொருமுவார். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டு என்று இன்னொரு அம்மாள் சொல்லியிருந்தார். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு ஆனபின் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன். அவர் கண் சொக்கிய வரியில் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். தம்பி, சத்தியமாகச் சொல்கிறேன், அவர் ஒரு தடவைகூடத் தப்பான இடத்தில் தூங்கியதில்லை. இதெல்லாம் எனக்கு எவ்வளவோ கற்றுக் கொடுத்தது. எழுதத் தெரிந்தவர்கள் சொன்னதைப் படித்து எழுதக் கற்றுக்கொள்ள முடியுமா என்று உன் சிநேகிதன் கேலி செய்தானாமே. முடியும் என்று நான் சொன்னதாகச் சொல். நான் அப்படித்தான் கற்றேன். தப்பும் அப்படியேதான் செய்தேன்.

நோட்டில் ஒரு யோசனைக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு இழுத்திருப்பேன், கவனித்திருப்பாய். எழுதி முடித்ததும் தொடக்கத்தை வெட்டி எறி, விஷயம் எங்கே வருகிறதோ அங்கேயிருந்து தொடங்கு, விஷயத்தோடு சம்பந்தமில்லாத ஆளையெல்லாம் வெளியே அனுப்பு என்பது. நீயும் அதன் கீழே ஒரு கோடு இழுத்திருப்பதாக எழுதியிருந்தாய். உன் கதையைப் பதினாலிலிருந்து ஆறாக்கியது அந்த யோசனைதான். அதே யோசனையை வைத்துக்கொண்டு, உனக்கு ஏழு வயதிருக்கும்போது, நான் ஒரு கடிதம் எழுதினேன்.

நீ கதையாக எழுதியிருப்பது நம் அஞ்சலை அக்காவுடைய சங்கதி. நமக்குப் பால் ஊற்றுகிற, ரயில்பாதைக் கூலிகளின் லய வீடுகளில் இருக்கிற அதே அஞ்சலை. ஊரில் இருந்த அவள் தாய், மகளிடமிருந்து வந்த நல்ல கடிதத்தைச் சாவுக் கடிதம் என்று நினைத்து, உயிரோடிருக்கிற மகளுக்குக் கருமாதி செய்த கதை. லயத்தில் எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்ததை நீ சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறாய். கப்பலில் கடிதம் நனைந்து, சுழியும் மஞ்சளும் கரைந்துபோய்விட்டது, கிழவி அவசரப்பட்டுவிட்டாள் என்றுதான் நீயும் எழுதியிருக்கிறாய். நீ முன்பு அனுப்பிய முதல் பிரதியில் மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் ஒருவர் அந்தக் கடிதத்தை எழுதினார். இப்போது அவரை வெட்டிவிட்டாய். கப்பல் தண்ணீர் நனைத்த கடிதத்துக்கு, எழுதியவர் யாராயிருந்தால் என்ன? நோட்டில் உள்ளபடி நீ செய்தது சரிதான்.

அந்தக் கடிதம் நனையவே இல்லை தம்பி. அதை எழுதியது நான்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அஞ்சலைக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. முப்பது நாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, லயத்தில் எல்லாரையும் போல என்னிடம் கடிதம் எழுதிக்கொள்ள வந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தாயாருக்கு நமஸ்காரம், இங்கே எல்லாரும் சுகம், அங்கே பெரியப்பா சுகமா, சின்னத்தை சுகமா, தெற்குத் தெரு அக்காள் சுகமா, செவலைப் பசு கன்று போட்டதா என்று ஒன்றரைப் பக்கம் போனபிறகுதான் பிள்ளை பிறந்த சேதி வந்தது. முடித்ததும் முந்தானையிலிருந்து ஒரு இலைப்பொட்டலம் எடுத்து வைத்தாள். மஞ்சள்தூள். மூலைக்கு மூலை தடவுங்கம்மா என்றாள். சுத்தமாக இன்னொரு பிரதி எழுதி, மை காய்ந்ததும் தடவி நானே தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். "படிச்சவங்க நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் நோட்டைத் திறந்தேன். அந்த இரண்டு கோடு இழுத்த யோசனை கண்ணில் பட்டது. தொடக்கத்தை வெட்டினேன். பெரியப்பாவை, சின்னத்தையை, பசுவை எல்லாரையும் வெளியே அனுப்பினேன். நாலே வரி மிஞ்சியது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று முதல் வரியே தொடங்கியது. படித்துப் பார்த்தேன், என்ன கச்சிதம் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அவ்வளவு சுத்தமான பக்கத்தின் தலையில் சுழி எதற்கு என்று தோன்றியது, போடவில்லை. மஞ்சள் பட்டால் மை கலையும் என்று அதையும் விட்டேன். அந்த மஞ்சளை அன்றைக்கே குழம்பில் போட்டேன். நீ அதைச் சாப்பிட்டாய், உன் அப்பாவும் சாப்பிட்டார்.

அஞ்சலையின் தாய்க்கு எழுத்து தெரியாது. ஆனால் கடிதம் பார்க்கத் தெரியும். தலையில் சுழி, மூலையில் மஞ்சள், அதன்பின் பக்கம் நிறைய வரிகள் இருந்தால் மகள் நன்றாயிருக்கிறாள். அதுதான் அவள் படிக்கத் தெரிந்த எழுத்து. சுழி இல்லாமல், மஞ்சள் இல்லாமல், நாலு வரியில் வருகிற கடிதம் சாவுச் சேதி என்று அந்த ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அதைப் படித்துவிட்டு வாசலிலேயே கிழித்துப் போட்டுத் தலைமுழுகுவார்கள், வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். படித்துக் காட்டுகிற ஆள் சாயங்காலம்தான் வருவார். அதுவரை அவள் காத்திருக்கவில்லை. வாசலிலேயே கிழித்தாள். சாயங்காலம் அவர் வந்தபோது படிப்பதற்குத் தாள் இல்லை, தெருவே அழுதுகொண்டிருந்தது.

அதன்பின் ஊரிலிருந்து கடிதமே இல்லை. பெண் பிள்ளை பிறந்ததில் ஆத்தாளுக்கு வருத்தம் போல என்று அஞ்சலை இங்கே நினைத்துக்கொண்டாள். நாலு மாசம் கழித்து அவள் ஊர்க்காரர் ஒருவர் கப்பலில் வந்து இறங்கி, லயத்துக்கு வந்தவர், இடுப்பில் பிள்ளையோடு நின்றவளைப் பார்த்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் தெரிந்து லயமே கூடியது. அப்போது அஞ்சலை சொன்னதைத்தான் உன் கதையின் கடைசி வரியாக வைத்திருக்கிறாய்: "செத்தவ சோறாக்கி வச்சிருக்கேன், எல்லாரும் தின்னுட்டுப் போங்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். அன்றைக்கே அவள் மறுகடிதம் எழுத வந்தாள். கப்பலில் தண்ணீர் பட்டு சுழியும் மஞ்சளும் கரைந்திருக்கும் அஞ்சலை என்று என் வாயால் சொன்னேன். ஆமாங்கம்மா, பாழாப்போன கப்பல் என்றாள் அவள். அந்தக் கடிதத்துக்கு மூலைக்கு மூலை மஞ்சள் தடவி அனுப்பினேன். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பொய் நம் வீட்டில் குடியிருக்கிறது. நீ அதைக் கதையாக எழுதிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய்.

திங்கட்கிழமை காலை பால் ஊற்ற வந்தவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். குழம்பில் போட்டதைக்கூடச் சொன்னேன். பரவாயில்லைம்மா என்று சொல்லிவிடுவாள் என்று மனசுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. பால் செம்பைக் கீழே வைத்தாள்.

"நாலு மாசம்மா. நாலு மாசம் எங்காத்தா தலையில எண்ணெ வைக்கல. அன்னைக்கு நான் சிரிச்சேன்னா, அத்தனை பேரு நின்னாங்க, சிரிக்காம வேற என்ன செய்யறது? அவுங்க போனப்புறம் அந்தச் சோத்துல ஒரு பருக்கை நான் திங்கல. அது யாருக்காச்சும் தெரியுமா?"

செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை பால் வரவில்லை. உன் அப்பா கடுங்காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சங்கதி என்று கேட்டார், அவரிடமும் சொன்னேன். காப்பியைக் கீழே வைத்தார். பிறகு, இத்தனை வருஷம் அந்தக் கப்பல்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேனே, அவன் பிள்ளைகுட்டியெல்லாம் எப்படி இருக்கிறதோ என்றார். அவரால் அப்படித்தான் சொல்ல முடியும், நான் அதில் கோபிக்கவில்லை.

இன்று காலை அஞ்சலை வந்தாள். பாலை ஊற்றினாள். பிறகு முந்தானையை அவிழ்த்து ஒரு இலைப்பொட்டலத்தை மேசைமேல் வைத்து, ஊருக்குக் கடுதாசி எழுதணும், இந்தத் தடவை என் கண்ணு முன்னாடியே தடவுங்க என்றாள். எழுதினேன். பெரியப்பா காலமாகிவிட்டார், செவலைப் பசுவும் இல்லை, அந்த இடத்தில் புதிதாகப் பேரன் பேத்திகள் வந்திருக்கிறார்கள். ஒரு பேரைக்கூட விடவில்லை. இரண்டு பக்கம் வந்தது. முடிந்தபிறகு நீ அவள் கதையை எழுதியிருப்பதையும், சனிக்கிழமை அது அச்சுக்குப் போவதையும் சொன்னேன். சொல்லாமல் இன்னொரு பொய்யைக் குடிவைக்க எனக்கு இஷ்டமில்லை. எங்காத்தாளைப் பைத்தியக்காரியா எழுதிருக்காரா தம்பி என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே ஒன்று சொன்னாள். அதை உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

"ரெண்டாவது கடுதாசி போச்சே, அத எங்காத்தா உடனே படிக்கக் குடுக்கலியாம். மூலையில இருந்த மஞ்சள மோந்து மோந்து பாத்துக்கிட்டே இருந்துச்சாம். படிக்கிறவரு கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாரு, இது குடுக்க மாட்டேங்குது. அத எழுதச் சொல்லுங்க."

இனி உன் கதையைப் பற்றி, இரண்டு கோடு இழுத்தவள் என்ற உரிமையில் பேசுகிறேன். நீ நன்றாக எழுதுகிறாய். இதைத் தாயாகச் சொல்லவில்லை. முதல் பிரதியில் மழையைப் பற்றி இருந்த இரண்டு பக்கம் போனது நல்லது, உன் அப்பா அங்கேதான் தூங்கியிருப்பார். முடிவில் உபதேசம் மாதிரி இருந்த மூன்று வரியை நீயே எடுத்துவிட்டாய், அதற்கு நான் உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். லயத்தில் தண்ணீர்க் குழாயடிப் பேச்சு அப்படியே காதில் விழுகிறது. ஆனால் கடிதம் எழுதியவரை வெட்டியதும் என்ன ஆயிற்று பார். தப்புக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லாமல் போயிற்று. ஆள் இல்லாத தப்பு போய், எழுத்தறியாத ஒரு தாயின் தலையில் உட்கார்ந்துகொண்டது. படிக்கிறவர்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் செய்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. தனக்குத் தெரிந்த எழுத்தை அவள் சரியாகப் படித்தாள். எழுதியவள்தான் தப்பாக எழுதினாள்.

அந்த யோசனையைச் சொன்ன எழுத்தாளர்மேல் எனக்குக் கோபமில்லை. காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பத்து வரிக்குள் பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுகிற ஆளுக்கு எழுதுவது எப்படி என்று அவர் சொன்னார். தன் தாளைப் பிரிக்கப்போகிறவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்த நோட்டை உனக்குக் கொடுத்தபோது இந்தச் சங்கதியையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பயந்துகொண்டு விட்டுவிட்டேன். நோட்டைத் தூக்கிப் போடாதே. நான் கோடு இழுத்த இடத்துக்குப் பக்கத்தில், இந்தத் தாளைப் பிரிக்கப்போகிறவர் யார் என்று உன் கையாலேயே எழுதி வை. எட்டாவது யோசனை அதுவாகவும் இருந்திருக்கலாம், யார் கண்டது.

கதைக்குள் என்னைத் திரும்பக் கொண்டுவா. வாத்தியார் வேண்டாம், மூக்குக்கண்ணாடியும் வேண்டாம். இரண்டு வருஷம் கல்லூரியில் படித்த ரயில்வேயில் பேனா பிடிக்கிற ஒரு கிராணி வீட்டு அம்மாள், கையில் பழுப்பு நோட்டு. அவளை நல்லவளாக்காதே, கெட்டவளாகவும் ஆக்காதே. மஞ்சளைக் குழம்பில் போட்டதை விட்டுவிடாதே. குவாட்டர்ஸில் எல்லாருக்கும் யாரென்று தெரிந்துவிடுமே என்று நீ யோசிப்பாய். தெரியட்டும். தெரிந்தால் நாலு பேர் வேறு வீட்டுக்குக் கடிதம் எழுதப் போவார்கள், அவ்வளவுதான். அஞ்சலையின் சிரிப்பை அப்படியே வை, அதற்குப் பின்னால் அவள் சாப்பிடாத அந்தச் சோற்றையும் வை. மஞ்சளை மோந்து பார்த்ததை எங்கே வைப்பது என்று நான் சொல்லமாட்டேன். அது உனக்குத் தெரியும்.

சனிக்கிழமைக்குள் முடியாது என்று தோன்றினால் பத்திரிகைக்காரரிடம் போய்ச் சொல், இந்த இதழ் போனால் போகட்டும். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். உன் பெயர் அச்சில் வருவதைப் பார்க்க எனக்கு இருக்கிற ஆசை உனக்குத் தெரியும், அதனால் இதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி கண்விழித்து எழுதுகிறேன் என்று உட்காராதே, போன மாசத்து இருமல் இன்னும் விடவில்லை என்று உன் குரலிலேயே தெரிந்தது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளி. வெந்நீரில் குளி.

அஞ்சலை நாளைக் காலையும் பால் ஊற்ற வருவாள். தம்பி என்ன சொல்லிச்சு என்று கேட்பாள், நிச்சயம் கேட்பாள். வெள்ளிக்கிழமை காலையிலாவது அவளுக்குச் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்க வேண்டும். இரண்டு வரியானாலும் போதும், இதைப் படித்த கையோடு எனக்குப் பதில் எழுது.

உன் அம்மா